கிறிஸ்துமஸ் இரவின் காவல் தூதர்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்து 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பது ஒரு பண்டிகை வழக்கம். படம் வெளிவந்து முப்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயில்தான் இந்த வழக்கம் தோன்றியது. அதற்கு வழி திறந்தது புதுப்பிக்கப்படாமல் போன ஒரு பதிப்புரிமை.

கதையின் மூலம் ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதிய 'த கிரேட்டஸ்ட் கிஃப்ட்' என்ற சிறுகதை. எந்தப் பத்திரிகையும் ஏற்காததால் அவர் அதைச் சிறு நூலாக 200 படிகள் அச்சிட்டு, 1943 டிசம்பரில் நண்பர்களுக்கு வாழ்த்து அட்டையாக அனுப்பினார். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ அதை 10,000 டாலருக்கு வாங்கியது. பல திரைக்கதைகள் எழுதிப் பார்த்தும் சரிவராமல், கதை இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காக ஆவணப்படங்கள் எடுத்தவர் காப்ரா. நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோ ஜெர்மனி மீது குண்டுவீச்சு விமானம் ஓட்டித் திரும்பியவர். போருக்குப் பின் இருவருக்கும் இதுவே முதல் கதைப்படம்.

ஜார்ஜ் பெய்லி ஒரு சிற்றூரில் ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் சங்கத்தை நடத்துபவன். ஊரைவிட்டுப் போக வேண்டும், உலகம் சுற்ற வேண்டும் என்ற ஆசைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டவன். சங்கத்தின் 8,000 டாலர் தொலைந்துபோக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் உயிரை விடும் எண்ணத்தோடு பாலத்தில் நிற்கிறான். அப்போது இன்னும் சிறகு பெறாத காவல் தூதர் கிளாரன்ஸ் தானே முந்திக்கொண்டு ஆற்றில் குதிக்கிறார். தத்தளிப்பவரைக் கண்டால் ஜார்ஜ் சும்மா நிற்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். காப்பாற்ற வந்தவர், தன்னைக் காப்பாற்றும் வேலையைக் கொடுத்தே அவனை மீட்கிறார். தூதர் பணம் எதுவும் தருவதில்லை. அவன் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்று மட்டும் காட்டுகிறார். பணத்தைக் கொண்டுவருபவர்கள் ஊர் மக்கள். படத்தின் காதலும் இதே ஈரம் கொண்டது. ஒரே தொலைபேசியை ஜார்ஜும் அவன் காதலி மேரியும் காதோடு காது ஒட்டிக் கேட்கும் காட்சியில், விலகிப் போக நினைக்கும் மனமும் போக முடியாத மனமும் ஸ்டூவர்ட்டின் முகத்திலேயே மோதுகின்றன. அமெரிக்க சினிமாவின் ஆகச்சிறந்த காதல் காட்சிகளில் அது ஒன்று.

படப்பிடிப்பு 1946 ஏப்ரல் முதல் ஜூலை வரை, கலிஃபோர்னியாவின் கோடையில் நடந்தது. நான்கு ஏக்கரில் ஒரு முழுக் கடைத்தெருவே எழுப்பப்பட்டது. அதுவரை சினிமாவில் பனிக்குப் பெரும்பாலும் வெள்ளை பூசிய சோள அவலைத் தூவுவார்கள். அதன்மேல் கால் வைத்தால் நொறுங்கும் ஓசை கேட்கும். அதனால் வசனத்தைப் பின்னர் தனியே பதிவு செய்ய நேரும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையையும் சோப்பையும் தண்ணீரில் கலந்து, காற்றாடி முன் பீய்ச்சி, ஓசையில்லாத பனியை உருவாக்கினார்கள். பாலத்தில் ஸ்டூவர்ட்டின் குரல் நடுங்குவதை அங்கேயே பதிவு செய்ய முடிந்தது இதனால்தான். இந்த உத்திக்கு ஆஸ்கர் அமைப்பு தொழில்நுட்ப விருது அளித்தது.

1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் படம் முதலில் திரையிடப்பட்டது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும், போட்டிப் பிரிவுகளில் ஒரு விருதுகூட வரவில்லை. போட்ட பணமும் முழுதாகத் திரும்பவில்லை. காப்ரா நண்பர்களோடு தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் 1947-இல் பாரமவுண்ட்டுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு எஃப்.பி.ஐ.யின் குறிப்பொன்று, படத்தில் வரும் பணக்கார வங்கியாளரைக் கொடியவராகக் காட்டியது கம்யூனிஸ்ட் உத்தி என்று ஐயப்பட்டது.

பிறகு உரிமை பல கைகள் மாறியது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டு செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். 1974-இல் அது நடக்கவில்லை. காசு கொடுக்காமல் ஒளிபரப்பலாம் என்றதும், பண்டிகை நாட்களில் நேரத்தை நிரப்பத் திணறிய சிறு நிலையங்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டன. திரையரங்கில் இதைக் காணாத ஒரு தலைமுறை வீட்டில் இதைப் பார்த்தே வளர்ந்தது. 1980-களில் நிறமேற்றிய பிரதிகள் வந்தபோது காப்ராவும் ஸ்டூவர்ட்டும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பாலத்துக் காட்சியின் கலக்கம் முழுவதும் கறுப்பிலும் வெள்ளையிலும்தான் இருக்கிறது.

ஆனால் மூலச் சிறுகதையின் பதிப்புரிமை காலாவதியாகவில்லை. 1990-இல் வேறொரு படம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் துணைகொண்டு, ரிப்பப்ளிக் பிக்சர்ஸ் 1993-இல் இந்தப் படத்தின் மீது உரிமை கோரியது. அடுத்த ஆண்டு முதல் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு மட்டுமே ஒளிபரப்பு உரிமை தரப்பட்டது. பண்டிகைக்காலம் முழுதும் எங்கும் கிடைத்த படம் ஓரிரு இரவுகளுக்குள் அடங்கியது. வழக்கமும் அந்த இரவுகளில் நிலைத்தது.

நியூயார்க் மாநிலத்தின் செனெக்கா ஃபால்ஸ் என்ற சிற்றூர், படத்தின் கற்பனை ஊருக்குத் தானே முன்மாதிரி என்கிறது. அங்கே 2010-இல் படத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. டிசம்பர்தோறும் விழா நடக்கிறது; படத்தில் குழந்தைகளாக நடித்தவர்கள் முதிய வயதில் அதற்கு வந்து ரசிகர்களைச் சந்தித்திருக்கிறார்கள்.