விறகிலிருந்து மீண்ட மரம்

வெட்டப்பட்ட மரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அடுப்புக்குச் செல்வது. மற்றொன்று தச்சர் பட்டறைக்குச் செல்வது. எந்த மரம் எவ்வழியே செல்லும் என்பதை மரத்தின் தரமே தீர்மானிக்கிறது என்று பொதுவாக எண்ணப்படுகிறது. வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது. விறகுக் குவியலிலும் கழிவுக் குவியலிலும் கிடந்த மரம் ஒரு கூரிய செவியாலோ ஒரு பழகிய கண்ணாலோ மீட்கப்பட்டு அரும்பொருளான நிகழ்ச்சிகள் பல. அவ்வாறு மீட்டவர்களுள் சிலர் தாமும் ஒதுக்கப்பட்டவர்களாக இருந்தனர் என்பது இவ்வரலாற்றின் ஊன்றி நோக்கத்தக்க பகுதியாகும்.

இவ்வகைச் செய்திகளுள் மிகப் பழமையான ஒன்று சீன நாட்டைச் சார்ந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாய் யோங் என்பவர் அறிஞர். இசையிலும் எழுத்துக்கலையிலும் வல்லவர். அரசவைப் பகையால் தலைநகரை விட்டு நீங்கி, தென்கிழக்கே ஊ என்னும் நாட்டுப்பகுதியில் பன்னீராண்டுகள் அளவு மறைந்து வாழ்ந்தார். அங்கே ஒருவர் சமையலுக்காகப் பவுலோனியா மரத்தை எரித்துக்கொண்டிருந்தார். தீயில் அது வெடித்த ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் அது நல்ல மரம் என உணர்ந்த சாய் யோங், அதைக் கேட்டுப் பெற்று, சின் என்னும் நரம்பிசைக் கருவியாகச் செதுக்கினார். இசை இனிதாக அமைந்தது. ஆனால் கருவியின் கடைப்பகுதியில் தீப்பட்ட கருமை எஞ்சியிருந்தது. அதனால் மக்கள் அதனைக் 'கருகிய வால்' என்றே அழைத்தனர். பிற்கால ஹான் மரபின் வரலாற்று நூல் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளது.

நல்ல மரம் விறகாவது ஏன்? மரம் அறுக்கும் தொழிலுக்கென ஓர் அளவுகோல் உண்டு. நேரான வரி, கணுவற்ற பரப்பு, ஒரே சீரான நிறம் ஆகியவற்றை உடைய பலகையே அங்கு முதல் தரம். கிளை பிரியும் கவை, முண்டு, வெடிப்பு, வெளிறும் வைரமும் கலந்த ஓரப்பலகை ஆகிய அனைத்தும் கழிக்கப்படும். தொல்காப்பிய மரபியல் உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், வெளியே வைரம் உடையதைப் புல் என்றும் பகுத்தது. அவ்வைரம் பலகையின் வடிவத்தைப் பொறுத்ததன்று. கவையில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கோடரிக்கு அது எளிதில் பிளப்பதில்லை. விறகு வெட்டுவோருக்குத் தொல்லையான அப்பின்னலே, இழைப்புளி பட்டபின் இறகு விரித்தாற்போன்ற அழகிய வரிகளாக வெளிப்படுகிறது. விறகுக்குக் குற்றமாவது தச்சுக்குக் குணமாகிறது.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் கைவினையால் நிலைநாட்டியவர் ஜார்ஜ் நாகஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு 1905இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்த இவர், கட்டடக்கலை பயின்றவர். டோக்கியோவில் ஆன்டனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞரிடம் பணியாற்றினார். 1937இல் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்தார். இந்தியாவில் வலுவூட்டப்பட்ட கான்கிரீட்டால் எழுந்த தொடக்ககாலக் கட்டடங்களுள் அது புகழ் பெற்றது. அடியார்கள் அளித்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அதன் கதவுகளுக்கான பொருத்துகள் வார்க்கப்பட்டன. எப்பொருளையும் கழிவென்று தள்ளாத அச்சூழலில் அவர் 1939 வரை வாழ்ந்தார். அரவிந்தர் அவருக்கு இட்ட பெயர் சுந்தரானந்தா என்பது.

அமெரிக்கா திரும்பி, சியாட்டில் நகரில் மரப்பொருள் செய்யும் சிறு பட்டறையை அவர் தொடங்கிய சில காலத்திலேயே போர் குறுக்கிட்டது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையின்படி, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசல்களை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. நாகஷிமாவும் அவர் மனைவியும் அவ்வாண்டில் பிறந்த பெண்குழந்தையும் ஐடஹோ மாநிலத்துப் பாலைநிலத்தில் அமைந்த மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

முள்வேலிக்குள் அவசரமாகக் கட்டப்பட்ட மரக்கொட்டகைகளே குடியிருப்புகள். உள்ளே கட்டிலும் கணப்படுப்பும் தவிர வேறில்லை எனலாம். மேசை, நாற்காலி, அலமாரி எதுவாயினும் தாமே செய்துகொள்ள வேண்டும். கட்டுமானத்தில் எஞ்சிய துண்டுப் பலகைகளே மக்களின் மூலப்பொருளாயின. அம்முகாமில் கெந்தாரோ ஹிகோகாவா என்னும் தச்சரை நாகஷிமா சந்தித்தார். ஜப்பானில் முறைப்படி தொழில் கற்றவர் அவர். கட்டடக்கலைஞர் அத்தச்சரிடம் மாணவரானார். தன்பால் இழுத்து அறுக்கும் ஜப்பானிய வாள், தன்பால் இழுத்து இழைக்கும் இழைப்புளி, ஆணியின்றி மரத்தோடு மரம் கவ்வும் பொருத்து ஆகியவற்றை அவர் கற்றுக்கொண்டார். கழிவுப் பலகைகளையும், பாலையில் வளர்ந்த பிட்டர்பிரஷ் என்னும் புதர்ச்செடியின் முறுக்கேறிய தண்டுகளையும் கொண்டு இருவரும் பொருள்கள் செய்தனர்.

இது ஒரு முகாமின் செய்தி மட்டுமன்று. அரிசோனா மாநில முகாம்களில் இருந்தோர் அப்பாலையின் இரும்பு மரத்தையும் மெஸ்கீட் மரத்தையும் தேடி எடுத்துச் செதுக்கினர். மெஸ்கீட் என்பது தமிழகத்தில் பெரும்பாலும் விறகாகவும் கரியாகவும் மட்டுமே அறியப்படும் சீமைக் கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஈரம் உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் அம்மரம் அமெரிக்காவில் அறைகலன்களுக்கும் தளப்பலகைகளுக்கும் பயன்படுகிறது. பொறுத்தற்கரியதை மாண்புடன் பொறுத்தலை ஜப்பானியர் 'காமன்' என்பர். முகாம்களின் கைவினைப் பொருள்கள் இன்று அச்சொல்லாலேயே நினைவுகூரப்படுகின்றன.

ரேமண்ட் பொறுப்பேற்றதால் 1943இல் நாகஷிமாவின் குடும்பம் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்னும் ஊரில் இருந்த அவருடைய பண்ணைக்குச் சென்றது. பின்னர் அவ்வூரிலேயே நாகஷிமா பட்டறை அமைத்தார். முதல் தர மரம் வாங்கப் பொருள் இல்லை. மரக்கடைகள் ஒதுக்கிய துண்டுகளையும், கணுவும் வெடிப்பும் உள்ள பலகைகளையுமே வாங்கினார். வறுமையால் தேர்ந்த வழி நாளடைவில் கொள்கையாயிற்று. மரத்தின் இயற்கை ஓரத்தைச் சீவாமல் விட்டார். வெடிப்பை மெழுகு பூசி மறைக்கவில்லை. இரு முனையும் அகன்று நடுவே குறுகிய, வண்ணத்துப்பூச்சி வடிவான மரத்துண்டை வெடிப்பின் குறுக்கே பதித்து, அது மேலும் விரியாதபடி தடுத்தார்.

மீட்கும் பணியில் பொறுமைக்குப் பெரும்பங்கு உண்டு. ஈரமரம் உலரும்போது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிட, ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். அவ்வேறுபாடே வெடிப்புக்குக் காரணம். ஆகவே வெட்டுவாய்களில் மெழுகோ வண்ணமோ பூசி, பலகைகளுக்கு இடையே காற்றோடச் சிறு குச்சிகளை வைத்து அடுக்கி, நிழலில் ஆற விடுவர். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தொழிலாளர் வழக்கு. விறகை அன்றே எரித்துவிடலாம். மரத்தை மீட்பவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நாகஷிமாவின் பெயர் உலகெங்கும் பரவியது. 1981இல் 'ஒரு மரத்தின் ஆன்மா' என்னும் பொருள்படும் தம் நூலை வெளியிட்டார். பெரும் வால்நட் மரத்தில் அவர் செய்த அமைதி மேடை 1986இன் இறுதி நாளில் நியூயார்க் நகரின் புனித யோவான் பேராலயத்தில் நிறுவப்பட்டது. கண்டந்தோறும் அத்தகைய ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் அவா. 1990இல் அவர் மறைந்தபின் மகள் மீராவின் பொறுப்பில் பணி தொடர்ந்தது. 1996இல் ஆசியாவுக்கான மேசை ஆரோவில்லை வந்தடைந்தது. இளமையில் அவர் கட்டடம் எழுப்பிய புதுச்சேரிக்கு அருகிலேயே அது அமைந்தது பொருத்தமானதாகும்.

இடையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. முகாம்களில் அடைத்தது அநீதி என அமெரிக்க அரசு 1988இல் சட்டத்தின் வாயிலாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் அளித்தது. தீயில் கிடந்த மரத்தின் பெருமையை அறியச் சாய் யோங்குக்கு ஒரு கணம் போதுமானதாக இருந்தது. முள்வேலிக்குள் தள்ளிய மனிதர்களின் உரிமையை ஏற்க ஓர் அரசுக்கு 46 ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குள் அவர்களுள் பலர் இவ்வுலகை நீத்திருந்தனர்.

சாய் யோங் விரும்பியிருந்தால் கருகிய பகுதியை அறுத்தெறிந்திருக்கலாம். நாகஷிமா விரும்பியிருந்தால் வெடித்த பகுதியை நீக்கியிருக்கலாம். இருவரும் அவ்வாறு செய்யவில்லை. கருவியின் கருமையும் மேசையின் வெடிப்பும் அவை எங்கிருந்து வந்தன என்பதற்குச் சான்றாக நின்றன. மீட்கப்பட்ட மரம் தன் வடுவோடுதான் மீள்கிறது, மனிதரும் அவ்வாறே.