அண்ட் தென் தேர் வேர் நன்

அகதா கிறிஸ்டி எழுதி 1939இல் வெளிவந்த ஆங்கிலத் துப்பறியும் புதினம். இங்கிலாந்தின் டெவன் கரையை ஒட்டிய தீவுக்குப் பத்துப் பேர் வரவழைக்கப்படுகிறார்கள். முதல் நாள் இரவு உணவுக்குப்பின் கிராமபோன் இசைத்தட்டு ஒன்று, சட்டத்தின் பிடியில் சிக்காத கொலைப்பழியை ஒவ்வொருவர்மீதும் பெயர் சொல்லிச் சுமத்துகிறது. பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் மேசைமேலிருக்கும் பீங்கான் பொம்மைகளில் ஒன்று குறைகிறது. தீவில் வேறு யாருமில்லை என்று தேடித் தெளிந்ததும், உடனிருப்பவரே கொலையாளி என்ற ஐயம் எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது.

கொலையாளி, அவர்களில் ஒருவரான நீதிபதி வார்கிரேவ். குற்றம் குறைந்தவர்கள் முதலில் சாக, கொடியவர்கள் கடைசிவரை அஞ்சி நடுங்கவேண்டும் என்பது அவர் வகுத்த வரிசை. இரு குழந்தைகளைக் காரேற்றிக் கொன்ற மார்ஸ்டனுக்கு உறுத்தலே இல்லை. பொறுப்புணர்வே இல்லாமல் பிறந்தவனின் குற்றம் குறைவு என்பது நீதிபதியின் கணக்கு; அதனால் அவன் முதலில் போகிறான். சிறுவன் சிரிலைக் கடலில் மூழ்கவிட்ட ஆசிரியை வீராவே கடைசி. இருட்டறையில் ஈரமான கடற்பாசி கழுத்தில் பட்டதும் அவள் அலறும் இடம், குற்றவுணர்வை உடல்வழியே காட்டுகிறது. நூலின் உச்சம் அதுவே.

கிறிஸ்டியே எழுதிய 1943 நாடக வடிவத்தில் வீராவும் பத்துப் பேரில் இன்னொருவரான லம்பார்டும் குற்றமற்றவர்களாகிப் பிழைக்கிறார்கள். புதினத்தின் கடுமை அதில் இல்லை.