கீட்டோன் உடலங்களும் புற்றுநோய் உயிரணுக்களும்

கீட்டோன் உடலங்கள் என்பன உணவில் மாவுச்சத்து குறையும்போதோ பட்டினியின்போதோ கல்லீரல் உயிரணுக்களின் இழைமணிகளில் கொழுப்பு அமிலங்களில் இருந்து உருவாகும் சேர்மங்கள் ஆகும். இவை அசிட்டோஅசிட்டேட்டு, பீட்டா-ஐதராக்சிபியூட்டிரேட்டு, அசிட்டோன் என மூன்று. முதலிரண்டும் மூளை, இதயம், தசை ஆகியவற்றுக்கு எரிபொருளாகின்றன. இவை புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுக்குமா, தூண்டுமா என்பது புற்றுநோயின் வகைக்கேற்ப மாறுபடுகிறது.

கருதுகோள்

ஆக்சிசன் போதிய அளவு இருந்தபோதும் புற்றுநோய் உயிரணுக்கள் பெருமளவு குளுக்கோசை லாக்டிக் அமிலமாக மாற்றுவதைச் செருமானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்தார். (1931இல் அவர் பெற்ற நோபல் பரிசு இதற்கானது எனப் பலரும் எழுதுவது பிழை, அது உயிரணுச் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு அளிக்கப்பட்டது.) எனவே குளுக்கோசைக் குறைத்துக் கீட்டோன்களைப் பெருக்கினால், நல்ல உயிரணுக்கள் பிழைக்க, புற்று உயிரணுக்கள் பட்டினியால் வாடும் என்று கருதப்பட்டது. இதில் இரு சிக்கல்கள் உள்ளன. சோற்றை அறவே விட்டாலும் கல்லீரல் அமினோ அமிலங்களில் இருந்து குளுக்கோசை ஆக்கிக்கொண்டே இருக்கும். மேலும், கீட்டோன்களை எரிக்கத் தேவையான நொதிகள் சில கட்டிகளில் குறைவு, வேறு சிலவற்றில் போதுமான அளவு உள்ளன.

ஆய்வுகள்

1995இல் அமெரிக்காவில் மூளைக்கட்டி முற்றிய இரு சிறுமியருக்குக் கீட்டோன் ஆக்க உணவு அளிக்கப்பட்டபோது, கட்டி குளுக்கோசை உள்ளீர்ப்பது சராசரியாக 22 விழுக்காடு அளவு குறைந்தது. இருவரை மட்டும் கொண்ட ஆய்வு இது. 2010இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்றில் முடிவு நேர்மாறாக அமைந்தது: பீட்டா-ஐதராக்சிபியூட்டிரேட்டு செலுத்தப்பட்டபோது மார்பகப் புற்றுக்கட்டி சுமார் 2.5 மடங்கு வளர்ந்தது. பிராஃப் மரபணுவில் வி600ஈ மாற்றமுள்ள கருநிறப் புற்றுநோயை அசிட்டோஅசிட்டேட்டு தூண்டுவது 2015இல் காட்டப்பட்டது. பெருங்குடல் கட்டிகளைப் பீட்டா-ஐதராக்சிபியூட்டிரேட்டு அடக்குவது 2022இல் சுண்டெலிகளில் காணப்பட்டது. ஒரே சேர்மம் ஓரிடத்தில் மருந்தாகவும் வேறோரிடத்தில் தீனியாகவும் அமைகிறது.

தீங்குகள்

தமிழ்நாட்டில் பேலியோ முதலிய பெயர்களில் பரவியுள்ள மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறைகள் உடல் எடையைக் குறைப்பவை. புற்றுநோயாளிக்கோ எடையிழப்பே பெரும் இடர். 2023இல் வெளியான ஆய்வில் இவ்வகை உணவு உண்ட சுண்டெலிகளின் கட்டிகள் மெதுவாகவே வளர்ந்தன; ஆயினும் உடல் விரைந்து மெலிந்து அவை முன்னதாகவே இறந்தன. இன்சுலின் போடுவோரும் கிளிஃபுளோசின் வகை மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாது இவ்வுணவுக்கு மாறினால் குருதி அமிலமாகும் கீட்டோ அமிலத்துவம் நேரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மூச்சில் பழவாடை ஆகியன அதன் அறிகுறிகள். உடனே சிகிச்சை அளிக்காவிடில் உயிரிழப்பு ஏற்படலாம்.