மூன்று இழைகளில் ஒரு மாநகர்

தமிழகத்திலிருந்து உற்றாரும் உறவினரும் அகமதாபாத்துக்கு வந்தால், அவர்களை நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் பெரும்பாலும் மூன்றே. சபர்மதி ஆசிரமம் ஒன்று. காங்கரியா ஏரி ஒன்று. காந்திநகரின் அட்சர்தாம் கோயில் மற்றொன்று. நான்காவதாகச் சேலைக்கடை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய மதிலுக்கு உட்பட்டிருந்த நகரை, "அங்கே ஒரே நெரிசல்" என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றோம். காலூப்பூர் இரயில் நிலையத்தில் ஆண்டுக்கு இருமுறை இறங்கி ஏறியும், அந்நிலையத்துக்கு மேற்கே இருப்பது என்னவென்று அறியாமலே இங்கு முப்பதாண்டு வாழ்ந்தவர் நம்முள் உளர். யுனெஸ்கோ நிறுவனம் 2017 சூலைத் திங்களில் இந்திய நகரங்களுள் முதலாவதாக உலகப் பாரம்பரிய நகரம் என்று ஏற்றுக்கொண்டது அந்த நெரிசலைத்தான்.

இவ்வூரார் வாயில் வழங்கும் பழமொழி ஒன்று உண்டு. அகமதாபாத் மூன்று இழைகளில் தொங்குகின்றது என்பர். பருத்தியிழை, பட்டிழை, பொன்னிழை என்பனவே அம்மூன்றும். பழமொழிகள் பெரும்பாலும் மிகையாகப் பேசும். இது மிகையன்று. இந்நகரின் அறுநூறாண்டு வரலாற்றை இவ்விழைகளைப் பற்றிக்கொண்டே சொல்லிவிடலாம்.

நகர் தோன்றியதைப் பற்றிய கதையும் இழையிலேயே தொடங்குகின்றது. 1411-ஆம் ஆண்டில் குஜராத் சுல்தான் முதலாம் அகமது ஷா, ஆசாவல் என்னும் பழைய ஊரினருகே, சபர்மதியின் கீழ்க்கரையில் தன் தலைநகரை எழுப்பினான். பகலெல்லாம் கட்டிய மதில் இரவில் சரிந்து விழுந்ததாம். காரணம், மாணிக்நாத் என்னும் துறவி பகலில் ஒரு பாயை முடைந்து, இரவில் அதனைப் பிரித்துவந்தாராம். சுல்தான் அவரை வணங்கி, அவர் பெயரை ஒரு கொத்தளத்துக்கும் ஒரு சதுக்கத்துக்கும் இட்ட பின்னரே மதில் நின்றதாம். மாணிக் புர்ஜ், மாணிக் சௌக் என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கதையின் மெய்ம்மையை ஆராய்வது வீண். அரசன் எழுப்பும் மதில், ஊரான் ஒருவன் கை இழையை நம்பி நிற்கின்றது என்று இவ்வூர் மக்கள் எண்ணினர் என்பதே நமக்கு வேண்டுவது.

அகமது ஷாவின் கோட்டையாகிய பத்ராவும், அதன் எதிரே மூன்று வளைவுகளோடு நிற்கும் தீன் தர்வாசாவும், 1424-இல் முடிந்த ஜும்மா மசூதியும் ஒரே நேர்கோட்டில் அமைந்தவை. மசூதியின் தொழுகைக் கூடத்தில் 260 தூண்கள். மதுரையிலும் இராமேசுவரத்திலும் தூண்களைக் கண்டு பழகிய நம் கண்ணுக்கு இவை அயலாகத் தோன்றுவதில்லை. குஜராத்துக் கோயிற் சிற்பியர் மரபே மசூதிக்கும் தூண் செதுக்கியது. சுல்தான்களின் ஆட்சி அக்பரிடம் வீழ்ந்த 1572-73-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது சீதி சையது மசூதி. ஆப்பிரிக்க வழியினரான சீதிகளுள் ஒருவர் கட்டியது. அதன் கற்பலகணியில் மரமும் கொடியும் ஒன்றையொன்று தழுவிப் படர்வதை மாலை வெயிலில் உள்ளிருந்து காணவேண்டும். கல்லை இவ்வாறு நூல்போல் இழைக்கலாகுமோ என்று தோன்றும். இந்திய மேலாண்மைக் கழகத்தின் சின்னம் அதிலிருந்து எடுத்ததே.

மொகலாயர் காலத்தில் இந்நகரின் துணியும் சரிகையும் கடல் கடந்து சென்றன. ஜஹாங்கீர் மன்னருக்கு மட்டும் ஊர் பிடிக்கவில்லை. புழுதி பொறுக்காமல் இதற்குப் புழுதியூர் என்னும் பொருளில் 'கர்தாபாத்' என்று பெயரிட்டார். மே மாதத்தில் இங்கு வாழ்வோர் அம்மன்னரைக் குறை கூறமாட்டார்.

மன்னர்கள் மாறினர். ஆனால் ஊரை உண்மையில் நடத்தியவர் மகாஜன் என்னும் வணிகக் கூட்டத்தார். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மகாஜன். விலையும் விடுமுறையும் வழக்குத் தீர்ப்பும் அதன் கையில். அனைத்துக்கும் மேலே நகர்சேட் என்பவர். 1725-இல் ஹமீத் கானோடு வந்த மராட்டியப் படை நகரைச் சூறையாட முற்பட்டபோது, குஷால்சந்த் என்னும் நகர்சேட் தம் பொருளைக் கொடுத்து ஊரை மீட்டார். அதற்கு நன்றியாக, நகரில் முத்திரையிடப்படும் சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு நாலணா அவருக்கும் அவர் வழியினருக்கும் உரியது என்று வணிகர் அனைவரும் கூடி எழுதிக் கொடுத்தனர். முத்திரையிட்டவர் மன்னரல்லர், வணிகரே. அடுத்த நூற்றாண்டில் கம்பெனி ஆட்சி வந்தபின் மதில் சிதைந்துகிடக்க, 1830-களில் நெய் முதலிய பண்டங்களின்மேல் தாமே சிறுவரி விதித்துக்கொண்டு அதனைச் செப்பனிட்டனர். அந்த மதிலும் இன்றில்லை; வாயில்கள் மட்டும் போக்குவரத்தின் நடுவே தனித்து நிற்கின்றன.

மதில் போயிற்று; 'போள்'கள் இருக்கின்றன. ஒரே வாயிலும் வளைந்து செல்லும் சந்துகளும் உடைய குடியிருப்பே போள். வாயிற்கதவை இரவில் அடைத்துவிடுவர். நடுவே ஒரு கோயில், ஒரு கிணறு, பறவைகளுக்கு இரையிடுதற்கென்று கம்பத்தின்மேல் அமைத்த ஒரு மாடம். வீடுகள் மரச்சட்டங்களாலானவை, சட்டத்தின் இடைவெளியைச் செங்கல் நிரப்பும். தூணிலும் உத்தரத்திலும் செதுக்கல்கள் மிகுதி. முற்றத்தின் அடியில் மழைநீர்த் தொட்டி ஒன்று உண்டு; கூரையில் விழும் நீரைக் குழாய்வழி அதில் சேர்த்து ஆண்டு முழுதும் பருகினர். நம் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை நினைந்துகொண்டு, அதை ஒரு கையளவுக்குச் சுருக்கினால் போள் வீடு ஒருவாறு விளங்கும்.

இனிப் பருத்தியிழைக்கு வருவோம். இரண்சோட்லால் சோட்டாலால் என்பவர் அரசு அலுவலில் இருந்த நாகர் பிராமணர். இயந்திர நூற்பாலை ஒன்று தொடங்கவேண்டும் என்ற ஆவல் அவரை விடவில்லை. முதலில் வரவழைத்த இயந்திரங்கள் கடலில் அழிந்தன. மீண்டும் வரவழைத்தவை கம்பாத்துத் துறையில் இறங்கி, மாட்டு வண்டிகளில் ஏறி வந்து சேர்ந்தன. அகமதாபாத்துக்கு இரயில் வந்ததோ 1864-இல்தான். 1861 மே 30-ஆம் நாள் 2,500 கதிர்களோடு ஆலை ஓடத் தொடங்கிற்று. கல்கத்தாவிற் போல அயல்நாட்டு முதலன்று. உள்ளூர் வணிகரின் முதலே இங்கு ஆலைகளாயிற்று. பின்னர் நகராட்சித் தலைவரான இரண்சோட்லால், கழிவுநீர்ச் சாக்கடைக்கும் குழாய்நீருக்கும் வழி செய்தார்.

ஆலை முதலாளியர் தம்மையும் ஒரு மகாஜனாகவே கருதினர். அந்த எண்ணத்துக்குச் சோதனை 1918-இல் வந்தது. முந்தைய ஆண்டு பிளேக் நோய் பரவிய காலத்தில் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க மிகையூதியம் கொடுத்தனர். நோய் தணிந்தபின் அதனை நிறுத்தினர். விலைவாசியோ தணியவில்லை. நெசவாளர் நூற்றுக்கு 50 கேட்டனர். முதலாளியர் 20-க்கு மேல் இல்லை என்றனர். காந்தியடிகள் கணக்கிட்டு 35 என்று அறுதியிட்டார். முதலாளியர் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கை அனசூயா. மூன்றாண்டுகட்கு முன், தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றை ஆசிரமத்தில் சேர்த்ததனால் நன்கொடை நின்றுபோனபோது, பெயர் சொல்லாமல் 13,000 ரூபாயைக் காந்தியடிகள் கையில் கொடுத்துச் சென்றவரும் அம்பாலாலே என்பர். எதிரிகளாகப் பொருதவர் எத்தகையோர் என்பதற்காக இதனைக் கூறினேன்.

ஆற்றங்கரைக் கருவேல மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் நிகழ்ந்தது. பசி மிகவே தொழிலாளர் உறுதி தளர்ந்தது. வண்டியில் வந்துபோகும் தலைவர்களுக்கு எங்கள் வயிற்றின் வருத்தம் தெரியுமோ என்று சிலர் முணுமுணுத்தனர். மார்ச் 15-இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்றாம் நாள் நடுவர் தீர்ப்புக்கு இரு சாராரும் இசைந்தனர். பின்னர் நடுவர் ஆனந்தசங்கர் துருவா 35-ஐயே வழங்கினார். 1920-இல் எழுந்த தொழிற்சங்கத்துக்கு மஜூர் மகாஜன் என்று பெயர் அமைந்தது பொருத்தமே. கூலியாளரும் ஒரு மகாஜன் ஆயினர்; பூசல் எழுந்தால் நடுவரிடம் செல்வது என்ற வழக்கம் பல பத்தாண்டுகள் நின்றது.

அறுபதுக்கும் மேற்பட்ட ஆலைகளின் சங்கொலியில் இந்நகர் எழுந்து உறங்கியது. வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்து கீழைப் பகுதிகளில் குடியேறியவர் பலர். இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் சிலருடைய பாட்டன்மார் அவ்வாறு வந்தவரே. 1980-களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடத் தொடங்கின. பழைய இயந்திரங்களைப் புதுக்காமை, விசைத்தறியின் போட்டி, செயற்கை இழையின் வரவு எனக் காரணங்கள் பலவாம். இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். எழுபதாண்டு வளர்ந்த உடன்பாடு அவர்களைக் காக்கவில்லை. நிரந்தர வேலையிலிருந்தவன் ஆட்டோ ஓட்டினான், தள்ளுவண்டி தள்ளினான். அவன் மனைவி வீட்டிலேயே சட்டை தைத்துக் குடும்பத்தைத் தாங்கினாள். 1969, 1985, 2002-ஆம் ஆண்டுகளின் கலவரங்களால் இந்துவும் முஸ்லிமும் தெரு வேறு, பகுதி வேறு எனப் பிரிந்ததையும் மறைப்பதற்கில்லை. ஆலையில் அருகருகே நின்றவர் பிள்ளைகள் இன்று ஒருவரையொருவர் காண்பதே அரிதாயிற்று.

அறுந்த இழையை மகளிர் பற்றினர் எனலாம். மஜூர் மகாஜனின் மகளிர் பிரிவிலிருந்த இலா பட் அம்மையார் 1972-இல் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், வீட்டில் தைப்போர் இதன் உறுப்பினர். 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் இட்டுத் தமக்கென ஒரு வங்கியை நிறுவினர். கையெழுத்து அறியாதார்க்குப் புகைப்படமே அடையாளமாயிற்று.

இற்றை நகரின் செல்வம் பெரிதும் மருந்து, இரசாயனம், கட்டுமானம், ஆயத்த ஆடை, சானந்துப் பகுதியின் மோட்டார்த் தொழில் ஆகியவற்றில் உள்ளது. ஆலைச் செல்வம் விட்டுச்சென்ற கல்வி நிலையங்களும் பல. நெசவு ஆராய்ச்சிக்கான அட்டிரா, இயற்பியல் ஆய்வுக்கூடம், மேலாண்மைக் கழகம் ஆகிய மூன்றின் தோற்றத்திலும் அம்பாலாலின் மைந்தர் விக்ரம் சாராபாயின் கை உண்டு. அவரை மணந்த மிருணாளினி அம்மையார் 1949-இல் 'தர்ப்பணா'வை நிறுவிப் பரதநாட்டியத்தை இவ்வூரில் வேரூன்றச் செய்தார். அதே ஆண்டில் தோன்றிய காலிக்கோ துணி அருங்காட்சியகத்தைக் காண முன்கூட்டியே இடம் பதிவு செய்தல் வேண்டும். இந்தியத் துணிக்கலையை ஓரிடத்திற் காண அதனினும் சிறந்த இடம் இல்லை என்பது என் கருத்து. மதுரைச் சௌராஷ்டிரப் பட்டுநூலார் தம் முன்னோர் குஜராத்திலிருந்து வந்தவர் என்று கூறும் மரபை அங்கே நினையாதிருக்க இயலாது. இழை அங்கிருந்து தெற்கே சென்றது. நாம் வடக்கே வந்தோம்.

நம் நிலையையும் ஒரு சொல் கூறவேண்டும். ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் பயின்ற தமிழ்வழிப் பள்ளி ஒன்று, மாணவர் தொகை குறைந்ததென்று 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. அதனை நடத்தவேண்டி அந்நாளைய தமிழக முதலமைச்சர் குஜராத் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் வரும்வரை அப்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் எஞ்சியிருந்தனர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? நகர்சேட்டை ஊரார் நூற்றுக்கு நாலணாவால் தாங்கினர். நாம் அப்பள்ளிக்கு எதனைக் கொடுத்தோம் என்று நானும் என்னைக் கேட்டுக்கொள்கின்றேன்.

ஆதலின் அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வரும்போது, காலை வெயில் ஏறுமுன் காலூப்பூர் சுவாமிநாராயணர் கோயிலுக்கு அழைத்துச் செல்க. 1822-இல் எழுந்த அக்கோயிலிலிருந்து மாநகராட்சி ஏற்பாட்டிலான பாரம்பரிய நடை தொடங்குகின்றது. 1997 முதல் நிகழ்ந்துவருவது. போள்களின் ஊடே வழிகாட்டி அழைத்துச் சென்று ஜும்மா மசூதியருகே விடுவார். தில்லி வாயிலுக்கு வெளியே, வணிகர் ஹதீசிங் தொடங்கி அவர் மறைந்தபின் மனைவி ஹர்குன்வர் 1848-இல் முடித்த சமணக் கோயிலையும் விட்டுவிடலாகாது. வண்டி இருப்பின், நகருக்கு வடக்கே 18 கிலோமீட்டரில் ஐந்தடுக்குக் கொண்ட அடாலஜ் படிக்கிணறு உண்டு, 1499-இல் அமைந்தது, கோடையிலும் அதன் அடித்தளம் குளிர்ந்திருக்கும்.

இரவில் மாணிக் சௌக்குக்கு வாருங்கள். காலையில் மாட்டுக்குப் புல்லும் காய்கறியும், பகலில் பொன்னும் வெள்ளியும் விற்கும் சதுக்கம் அது. நகைக்கடை வாசலின் புழுதியைக் கூட்டியெடுத்துக் கழுவிப் பொற்றுகள் தேடுவதைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களும் அங்குண்டு. ஜஹாங்கீர் வெறுத்த புழுதியில் அவர்கட்கு அன்றாடச் சோறு இருக்கின்றது. நகைக்கடைகள் அடைத்தபின் அதே இடத்தில் உணவுக்கடைகள் முளைத்துவிடும். குவாலியர் தோசை என்ற பெயரில் ஒன்று கிடைக்கும். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கொண்டு அவர்கள் செய்யும் அதனை நம் வீட்டுப் பாட்டிமார் தோசை என்று ஒப்புவரோ, அறியேன். பிள்ளைகள் இரண்டாவது கேட்பர்.