எழுவான்கரைக் கடையும் படுவான்கரை நெல்லும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. சூரியன் எழுகின்ற கடலோரப் பக்கத்தை எழுவான்கரை என்றும், அவன் படுகின்ற மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழைத்தனர். வயலும் மாடும் மேற்கே. நகரமும் சந்தையும் பிரதான வீதியும் கிழக்கே. ஆகவே படுவான்கரையின் சிறு கடைக்காரர் சீனியும் மாவும் விற்பவர் மட்டுமல்லர். விதைப்புக் காலத்தில் கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்து, அறுவடையின்போது அதனை நெல்லாகப் பெற்றுக்கொள்பவராகவும் அவர் இருந்தார். இப்பிரதேசத்தின் தட்டுப்பாடுகளை இந்த உறவை மனதிற்கொண்டே நோக்குதல் வேண்டும்.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதியை இறுக்கியது. பாணுக்கும் துணிக்கும் நாடெங்கும் வரிசைகள் நீண்டன. 1971இல் நெல் சந்தைப்படுத்தல் சபை அமைக்கப்பட்டது. தனியார் அரிசி கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. கடையில் பொருள் இல்லாதபோதும் நெல் விளைவித்தவன் வீட்டில் நெல் இருந்தது.

1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் அந்தப் பாதுகாப்பையும் பறித்தது. 1990களின் நடுப்பகுதியில் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வலையிறவுப் பாலம், பட்டிருப்புப் பாலம், மண்முனைத்துறை ஆகியவை வெறும் போக்குவரத்து வழிகளாக இருந்த நிலை மாறி, எது போகலாம், எவ்வளவு போகலாம் என்று தீர்மானிக்கும் வாசல்களாயின. எரிபொருள், பற்றரி, சீமெந்து, பசளை ஆகியன படையினரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. மறுபக்கத்தில் புலிகள் வரி அறவிட்டனர். இரு தரப்பும் வைத்த சுமை இறுதியில் ஒரே குடும்பத்தின் தலையிலேயே இறங்கியது.

பசளை குறைந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் கடன் அடையாது. கடன் அடையாவிட்டால் கடைக்காரர் அக்கரை மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டமுடியாது. கட்டாதவருக்கு அடுத்த முறை சரக்குக் கிடையாது. கட்டுப்பாடு தளர்ந்த பின்னரும் தட்டு வெறுமையாகவே கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். வாங்குபவருக்கோ இரட்டை நட்டம்: தன் நெல்லை மலிவாகக் கொடுத்து, மண்ணெண்ணெயை விலை கூட்டி வாங்கவேண்டியிருந்தது.

இன்னொரு இழப்பும் உண்டு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நிகழ்ந்த முஸ்லிம் மக்கள் மீதான படுகொலைகள், தலைமுறைகளாக நிலவிய தமிழ்–முஸ்லிம் வணிக உறவை முறித்தன. படுவான்கரையிலிருந்த தம் வயல்களுக்குச் செல்லமுடியாத நிலை முஸ்லிம் விவசாயிகள் பலருக்கு ஏற்பட்டது. நெல்லை வாங்க வருவோர் குறைந்தால் விலை சொல்லும் உரிமையும் விவசாயியிடம் இல்லாது போகும் அல்லவா?

2002இன் போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 2007இல் படுவான்கரை முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2014இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அங்கு 'பாதை' எனப்பட்ட மிதவைப் படகுக்காகக் காத்திருந்த காலம் முடிந்தது.

ஆயினும் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், 2022இல் டொலர் இன்றி எரிபொருளும் எரிவாயுவும் அரிதானபோதும், பாலம் இருந்தும் அதே சங்கிலி மீண்டும் இறுகியது. நிவாரணம் பற்றித் திட்டமிடுவோர் வாங்குபவரின் வரிசையை மட்டும் எண்ணுகின்றனர். கிராமத்துக் கடையின் கடன் கொப்பியையும் விவசாயியின் அடுத்த போகத்தையும் சேர்த்து எண்ணாதவரை, லொறி வந்து சேர்ந்த பின்னரும் தட்டுப்பாடு தொடரவே செய்யும்.