வன்னி யானையும் படைக் கொள்வனவும்

ஓர் அரசு தன் படைக்குப் பெருங்கருவியொன்றைக் கொள்வனவு செய்யும்போது மூன்று வினாக்கள் எழுவது இயல்பு. அக்கருவி எப்பணிக்கு உரியது? எங்கிருந்து, என்ன விலைக்குப் பெறப்படும்? பெற்றபின் அதனைப் பேணுதற்கு ஆகும் செலவு யாது? இன்று கவச வாகனங்களைக் குறித்துக் கேட்கப்படும் இவ்வினாக்கள் முற்காலத்தில் யானையைக் குறித்துக் கேட்கப்பட்டன. கோட்டைக் கதவைத் தகர்த்தல், காலாட்படைக்கு அரணாக முன்செல்லல், பாரஞ் சுமத்தல், பிற்காலத்தில் பீரங்கி இழுத்தல் என யானை ஆற்றிய பணிகள், இன்று கவச வாகனங்களும் அவற்றின் துணை ஊர்திகளும் ஆற்றும் பணிகளையே பெரிதும் ஒத்தவை. அவ்வாறு நோக்குமிடத்து, ஈழத்து வன்னிப் பெருநிலம் நெடுங்காலம் அயல்நாட்டுப் படைகளுக்குத் தளவாடம் வழங்கிய நிலமாக இருந்தமை புலனாகும். அவ்வழங்கல் வன்னியின் அரசியலை எவ்வாறு உருவாக்கிற்று, அதன் சுமையைத் தாங்கியோர் யாவர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கை யானையின் புகழ் தொன்மையானது. இலங்கை யானைகள் இந்திய யானைகளினும் பெரியன, போருக்கு மிகவும் ஏற்றன என்னும் கிரேக்கர் கூற்றினைப் பிளினி எடுத்தாண்டுள்ளார். இத்தீவினர் பெரிய மரக்கலங்களைக் கட்டி, யானைகளைக் கடல் கடத்திக் கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்பது ஈலியன் தரும் செய்தி. கி.பி. 6 ஆம் நூற்றாண்டினரான கொஸ்மஸ் என்பார், இலங்கை மன்னன் யானைகளை வாங்கும்போது நிலத்திலிருந்து உயரத்தை முழக்கணக்கில் அளந்து, முழத்துக்கு இவ்வளவு பொன் என விலை மதித்ததாகக் குறிப்பிடுகின்றார். இலங்கை யானைகளுட் கொம்புடையவை மிகச் சிலவே. ஆயினும் உயரமும் வலிமையும் பழக்கத்துக்கு இணங்கும் இயல்பும் அவற்றின் மதிப்பைக் குன்றாது காத்தன.

யாழ்ப்பாண அரசர் காலத்தில் வன்னிச் சிற்றரசர்கள் அவர்க்கு யானைகளைத் திறையாகச் செலுத்திவந்தனர். 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் அத்திறையைத் தமக்குரியதாக்கிக் கொண்டனர். பனங்காமம், கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை முதலிய பற்றுகளின் வன்னியர்கள் தம் நிலங்களின் வருவாயைத் தாமே துய்த்தற்கு ஈடாக யானைகளை ஒப்படைக்கும் கடப்பாடு உடையோராயினர். பிடிக்கப்பட்ட யானைகள் பழகிய யானைகளின் துணையுடன் வடக்கே நடத்திச் செல்லப்பட்டன. ஆழங்குறைந்த கடனீரேரியைக் கடந்து அவை குடாநாட்டுட் புகுந்த இடமே ஆனையிறவு. ஊர்காவற்றுறையில் மரக்கலம் ஏறிய யானைகள் சோழமண்டலக் கரைக்குச் சென்றன. கோல்கொண்டா நாட்டு வணிகர்கள் அவற்றை விரும்பி வாங்கினர்.

இக்கொள்வனவின் தனித்தன்மை ஒன்று ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சந்தையில் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்ட யானை, கும்பனிக்குத் திறையாக, விலையின்றியே கிடைத்தது. ஆயின் விலையில்லாத பொருள் செலவில்லாத பொருள் அன்று. காட்டு மரங்களை வெட்டி வலிய அடைப்பு அமைத்தல், நாட்கணக்காகக் கூட்டத்தை வளைத்து ஓட்டுதல், பிடித்தவற்றுக்குத் தழையும் நீரும் தேடுதல் ஆகிய யாவும் மனித உழைப்பாலேயே நிறைவேறின. தோற்கயிற்றுச் சுருக்கிட்டு யானை பிடித்த பணிக்கர்கள் உயிரைப் பணயம் வைத்தே தொழில் செய்தனர். ஊழியத்துக்குக் குடியானவன் அழைக்கப்பட்ட நாளில் அவனது குளக்கட்டும் வயலும் காத்திருந்தன. பிடிபட்டபின் காயத்தாலோ பட்டினியாலோ இறந்த யானை திறைக் கணக்கிற் கழியாது. அதற்கு ஈடாக வேறொன்று பிடிக்கப்பட வேண்டும். கோல்கொண்டா வணிகன் கொடுத்த விலையுள் இவ்வுழைப்புக்குரிய பங்கு வன்னிக் குடியானவனை வந்தடையவில்லை.

எனினும் வன்னியர்கள் வெறும் ஏவலராக இருந்தனர் எனக் கொள்ளல் பொருந்தாது. துறைமுகமும் சந்தையும் கும்பனியின் வசம் இருந்தன. காடும் காட்டை அறிந்த மக்களும் வன்னியர் வசம் இருந்தனர். எனவே திறையைத் தாமதித்தல் அவர்களின் அரசியற் கருவியாயிற்று. யாழ்ப்பாணத்தில் கொம்மாந்தராக இருந்த சுவார்டகுரோன் 1697 இல் எழுதிய நிருவாகக் குறிப்பில் வன்னியரின் யானைத் திறை நிலுவை தீராத சிக்கலாக இடம்பெறுகின்றது. ஒல்லாந்தருக்கு அது நிலுவை. வன்னியருக்கோ அது தன்னாட்சியின் அளவுகோல் எனலாம்.

இச்சமநிலை நிலைக்கவில்லை. 1526 இல் பானிப்பட்டில் இப்ராகிம் லோடியின் யானைப்படை பாபரின் பீரங்கிகளுக்கு எதிரே தோல்வியுற்றது. வெடிமருந்துப் போர்முறை பரவப் பரவ, யானை முன்னணிப் போர்க்கருவி என்னும் நிலையினின்றும் படிப்படியாகத் துணைப்பணிக்கு இறங்கிற்று. 19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியப் படையில் அது கனரகப் பீரங்கிகளை இழுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிற் பாலங் கட்ட மரஞ் சுமந்தது. இதற்கிடையே, 1687 இல் கோல்கொண்டா அரசு ஒளரங்கசீப்பின் படையிடம் வீழ்ந்தது. 1782 இல் ஒல்லாந்தர் வன்னியைப் படைவலியால் அடக்கி நேரடி ஆட்சிக்கு உட்படுத்தினர். 1803 ஓகத்து 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. யானைச் சந்தையின் தளர்ச்சியே வன்னியரின் வீழ்ச்சிக்குக் காரணம் எனல் மிகையாகும். ஆயினும் பிறர்க்கு இன்றியமையாத ஒன்றைத் தரும் ஆற்றலே ஒரு சிறுநாட்டின் பேரம்பேசும் வலிமையாக அமையும்போது, அத்தேவை குறையுமாயின் அவ்வலிமையும் குறையும் என்பதை மறுத்தல் அரிது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தளவாடத்தின் திசை மாறிற்று. முன்னர் வன்னியிலிருந்து புறப்பட்ட படைக்கருவி, இப்போது அயல்நாடுகளிலிருந்து வன்னிக்கு வந்தது. மக்கள் "பவல்" என வழங்கிய தென்னாபிரிக்கக் கவச வாகனங்களை அரசு விலைக்கு வாங்கிற்று. 1991 யூலையில் விடுதலைப் புலிகள் இரும்புத் தகடு பொருத்திய புல்டோசரைக் கொண்டு ஆனையிறவு முகாமைத் தாக்கினர். அம்முகாம் 2000 ஏப்பிரலில் அவர்கள் வசமாயிற்று. 2009 சனவரியில் மீண்டும் இராணுவத்தின் வசமாயிற்று. யானைகள் கடந்த அதே குறுகிய வழியிற் கவசங்கள் மோதின. அவ்வழியே மக்களும் மூட்டை முடிச்சுகளுடன் இடம்பெயர்ந்தனர்.

படைக் கொள்வனவின் வரலாறு பெரும்பாலும் வாங்கியோரின் ஏடுகளிலிருந்தே எழுதப்படுகின்றது. அவ்வேடுகளில் எண்ணிக்கையும் விலையும் நிலுவையும் உண்டு. அடைப்பு அமைத்தோரின் நாட்களும், கைவிடப்பட்ட வயல்களும், பின்னாளிற் கண்ணிவெடி அகற்றப்படும்வரை விதைக்க இயலாதிருந்த காணிகளும் அவற்றுள் அடங்கா. வன்னியை யாழ்ப்பாணத்தின் புறக்காடாகவோ போர்க்களமாகவோ மட்டும் நோக்காது, இச்செலவுகளைத் தாங்கிய மக்களின் நிலமாக நோக்குதல் வேண்டும். ஊர்ப்பெயர்களும் வாய்மொழி மரபுகளும் அதற்கு இன்றும் சான்று தரக்கூடியன. முதியோர் உள்ளபோதே அவற்றைத் தொகுத்தல் வரலாறு பயிலும் மாணவர் முன்னுள்ள பணியாகும்.