ஆடு துரத்திய இரண்டு ஊர்கள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் மோரே ஃபர்த் என்றொரு அகன்ற வளைகுடா. அதன் வடகரையில், செங்குத்துப் பாறையின் உச்சியில் இருந்தது பேட்பே. தென்கரையில், பாறையின் காலடியில் இருக்கிறது குரோவி. ஊரார் வாயில் அது 'கிரிவி'. இரண்டையும் உண்டாக்கியது ஆடுதான். ஆடு வளர்ப்பில் வருமானம் கூடியதும், தலைமுறைகளாக உழுதுவந்த குடிகளை நிலக்கிழார்கள் கிளப்பிக் கடலோரத்துக்குத் துரத்தினார்கள்.

பேட்பேயின் கதை 1792-ஐ ஒட்டித் தொடங்குகிறது. கேத்னஸ் பகுதியில் லாங்வெல் நிலங்களுக்கு அப்போது உடைமையாளர் சர் ஜான் சின்க்ளேர். ஸ்காட்லாந்து முழுவதையும் வட்டம் வட்டமாகக் கணக்கெடுத்து நூலாக்கியவர். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் புழங்கவிட்டவரும் அவரே. மக்களை எண்ணுவதில் கெட்டிக்காரர். தம் குடிகளை எண்ணிப் பார்த்தாரா என்பது வேறு விஷயம். லாங்வெல்லிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு மிஞ்சியது பாறைமுகட்டுச் சரிவு. கல்லைப் பெயர்த்து அந்தக் கல்லாலேயே வீடு கட்டினார்கள். காற்று கடலுக்குள் தள்ளிவிடும் என்று மாடு, கோழிகளோடு பிள்ளைகளையும் கயிற்றில் கட்டிவைத்தார்கள். அவர்கள் விட்டுவந்த பள்ளத்தாக்கில் ஆடுகள் அவிழ்த்துவிடப்பட்டு மேய்ந்தன. முகட்டில் பிள்ளைகள் கட்டுண்டு கிடந்தார்கள்.

குரோவிக்குக் காற்றைவிட அலைதான் அச்சம். அதனால் வீடுகள் கடலுக்கு முகம் காட்டுவதில்லை. பக்கச்சுவரைக் காட்டி, தோள் கொடுத்து நிற்கின்றன. சுவருக்கும் கடலுக்கும் இடையே ஒரு நடைபாதை அளவுதான் இடம். கார் நுழையாது, இன்றும் மூட்டைமுடிச்சு கைவண்டியில்தான் வந்து சேர வேண்டும். ஆனால் அந்நாளில் படகு வாசலருகிலேயே கிடந்தது. பேட்பேக்காரர்கள் மீன் பிடிக்கப் பெரிடேல் என்ற ஊர் வரை போக வேண்டியிருந்தது. பேட்பே சீக்கிரம் கலைந்ததற்கும் குரோவி தாக்குப்பிடித்ததற்கும் இதுவே முதற்காரணம் என்பேன்.

தாக்குப்பிடித்ததும் 1953 ஜனவரி 31 வரைதான். நெதர்லாந்தில் 1,800-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அதே வடகடல் புயல் குரோவியின் பாதையைப் பெயர்த்து, சில கட்டடங்களையும் வாரிக்கொண்டு போனது. பலர் பக்கத்து ஊரான கார்டன்ஸ்டவுனுக்குக் குடிபெயர்ந்தார்கள். மிஞ்சிய வீடுகள் கைமாறின. பெரும்பாலானவை இப்போது விடுமுறை வாடகை வீடுகள். படம் எடுக்க அழகான ஊர்தான், மறுக்கவில்லை. குளிர்கால இரவில் எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று பார்த்தால் ஊரின் நிலை தெரிந்துவிடும்.

பேட்பேயின் கடைசிக் குடியிருப்பாளர் 1911-இல் வெளியேறினார். அதே ஆண்டு, இங்கிருந்து நியூசிலாந்து போன ஒருவரின் மகன் பேட்பேயிலேயே நினைவுத்தூண் எழுப்பி, வாழ்ந்தவர்களின் பெயர்களைப் பொறிக்கச் செய்தார். குரோவியில் ஒரு வாரம் தங்க வாடகை கொடுக்க வேண்டும். பேட்பேக்கு ஏ9 சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் போதும். கூரையில்லாத சுவர்களுக்கு வாடகை இல்லை.